கிணற்று நீர் மஞ்சளானால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராணிப்பேட்டை குரோமியக் கழிவு மேட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியபோது, "கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் தோண்டி எடுக்காமல் இருக்கிற இடத்திலேயே சுத்தம் செய்யவும் வழி உண்டு" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. சந்தோஷம். நிலத்தடி நீர் வேலையிலேயே காலம் போன எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறு இல்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

எங்கள் போர்வெல் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்தால் லேசான மஞ்சளாகத் தெரிகிறது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? அந்தக் கழிவு மேட்டை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டால் தண்ணீர் தெளிந்துவிடுமா?
— வாசகி, ராணிப்பேட்டை

குடிக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம் அம்மா. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் பாத்திரத்திலேயே நிற்கும். அதாவது கொதிக்கக் கொதிக்க அடர்த்தி கூடும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம். மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது, அது குரோமியத்தால் வந்ததுதான் என்றால் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்தாலும் தண்ணீர் நிறம் மாறும். ஆனால் இரும்புத் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்திருக்க வைத்திருக்கப் பழுப்பாகி அடியில் துரு மாதிரி படியும். குரோமியத் தண்ணீர் பிடிக்கும்போதே எலுமிச்சை மஞ்சள். இரண்டு நாள் வைத்தாலும் கலங்காது, படியாது. பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆய்வகத்தில் கொடுத்து "ஆறிணைதிற குரோமியம்" (ஆங்கிலத்தில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்; குரோமியத்தின் நச்சு வகை, கீழே விளக்குகிறேன்) என்று பெயர் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். வெறுமனே "தண்ணீர் டெஸ்ட்" என்றால் உப்பும் கடினத்தன்மையும் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்துவிடுவார்கள்.

இனி மேடு. பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 1970களில் தொடங்கி, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த தொழிற்சாலை அங்கே இருந்தது. 1990களின் நடுவில் மூடிவிட்டார்கள். விட்டுப்போனது இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு, திறந்த வெளியில், பாலாற்றுக்குப் பக்கத்தில். 2006இல் ஒரு சர்வதேச அமைப்பு உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று போட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியத்துக்கு இரண்டு முகம். மூன்றிணைதிற குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நஞ்சும் மிகக் குறைவு. ஆறிணைதிறம் அப்படியே தலைகீழ்: கரையும், மண் அதைப் பிடித்து வைக்காது, தண்ணீர் போகிற வேகத்திலேயே கூடப் போகும். புற்றுநோய்க்குக் காரணமாவதும் இதுதான். ஆகவே தரைக்கடியில் செய்ய வேண்டியது குரோமியத்தை வெளியே எடுப்பது அல்ல, ஆறை மூன்றாக்குவது. ஆக்கிவிட்டால் அது இருந்த இடத்திலேயே படிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்து பாருங்கள். கண்ணாடிக் குப்பியில் அந்த மஞ்சள் தண்ணீரை எடுத்து, கொஞ்சம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) போட்டுக் குலுக்கினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மறையும். பச்சையும் பழுப்பும் கலந்த பஞ்சு போன்ற துகள் உண்டாகி மெல்ல மெல்ல அடியில் இறங்கும். மேலே நிற்கும் தண்ணீருக்கு நிறம் இருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. (குடிக்க அல்ல. தெளிந்த நீரிலும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அளக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது.) அன்னபேதியில் உள்ள இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குரோமியம் வாங்கிக்கொள்கிறது. கணக்குப்படி ஒரு கிலோ ஆறிணைதிற குரோமியத்துக்குப் பதினாறு கிலோ அன்னபேதி வேண்டும். தரைக்கடியில் ஆக்ஸிஜனும் மற்றவையும் பங்குக்கு வரும் என்பதால் இன்னும் கூடுதலாகவே போகும்.

இதையே பெரிதாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் கடலோரக் காவல்படையின் விமானத் தளம் ஒன்று உண்டு. அங்கே குரோமிய முலாம் பூசும் பட்டறையின் தரையில் இருந்த ஓட்டை வழியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமிலமும் குரோமியமும் இறங்கி, நிலத்தடி நீரோடு பக்கத்து ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1996இல் அந்த நீர் ஓடும் வழிக்குக் குறுக்கே 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்று மேல் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் வெட்டி, முழுக்க இரும்புத் துருவலை நிரப்பி மூடிவிட்டார்கள். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு இரும்பின் ஊடே போகிறது, குரோமியம் அங்கேயே நின்றுவிடுகிறது. பதினைந்து ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் அந்தச் சுவர் வேலை செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் ராணிப்பேட்டையிலும் ஒரு சுவர் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இரண்டு இடைஞ்சல். எலிசபெத் சிட்டி மணற்பாங்கான நிலம்; தண்ணீர் ஒழுங்காக ஒரு திசையில் போகும். உங்கள் ஊரில் மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்பு விழுந்த கெட்டிப் பாறை. தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஒரு வீட்டு போர்வெல் மஞ்சளாகவும் அடுத்த வீட்டுத் தண்ணீர் தெளிவாகவும் இருப்பது அதனால்தான். எந்த வெடிப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் மருந்தை ஊற்றினால் காசு ஒரு பக்கம் போகும், குரோமியம் இன்னொரு பக்கம் போகும்.

இரண்டாவது இடைஞ்சல் மேடேதான். குரோமியத் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுட்டெடுத்த கழிவு அது. காரத்தன்மை மிக அதிகம். அதன் மேல் நேரடியாக அன்னபேதியைத் தெளித்தால் இரும்பு மேலாகவே படிந்து அடைத்துக்கொள்ளும், உள்ளே போகாது. சல்பேட் சேர்வதால் சுண்ணாம்புக் கழிவு உப்பி எழும்பும் ஆபத்தும் உண்டு. அதனால் என் அபிப்பிராயம் இது: மேட்டுக்கு ஒரு வைத்தியம், தரைக்கடியில் பரவிப்போன நீருக்கு வேறு வைத்தியம். மேட்டின் மேல் ஒரு சொட்டு மழை விழாதபடி மூட வேண்டும், அல்லது எடுத்து மருந்து கலந்து பாதுகாப்பான குழியில் அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கீழே எத்தனை கோடிக்கு ஊசி போட்டாலும் அடுத்த ஐப்பசி மழைக்கு மேட்டிலிருந்து புது மஞ்சள் இறங்கும். மேட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கீழே ஒன்றும் செய்யாவிட்டாலும், பாறை வெடிப்பில் ஏற்கெனவே போய்விட்டது உங்கள் காலத்தில் தெளியாது. இரண்டும் வேண்டும், மேடு முதலில்.

அதுவரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். வீட்டு ஆர்.ஓ. குரோமியத்தைக் குறைக்கும், ஆனால் சவ்வு பழுதானால் உங்களுக்குத் தெரியாது. அதை நம்பிக் குழந்தைக்குப் பால் காய்ச்சாதீர்கள்.

வெல்லப்பாகை ஊற்றினாலே குரோமியம் போய்விடும், நுண்ணுயிர்களே பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உண்மையா மேடம்?
— சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர், வேலூர்

உண்மைதான் தம்பி. தரைக்கடியில் ஏற்கெனவே நுண்ணுயிர்கள் பசியோடு காத்திருக்கின்றன. சர்க்கரை ஆலை மொலாசஸ், பால் கழிவான மோர்நீர், சாராயம் என்று எளிதில் தின்னக்கூடிய எதைக் கொடுத்தாலும் தின்று பெருகி, அந்த இடத்து ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்தில் ஆறிணைதிற குரோமியம் மூன்றாக மாறிவிடும்.

கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூர். 1950களிலும் 60களிலும் எரிவாயுக் குழாய் நிலையம் ஒன்று, குளிர்விப்புக் கோபுரத்தில் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியத்தைச் சேர்த்து, அந்தக் கழிவுநீரை அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குட்டைகளில் விட்டது. ஊரார் போட்ட வழக்கில் 1996இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. அதன் பிறகுதான் சுத்திகரிப்பு தீவிரமானது. கிணறுகள் வழியே எத்தனால் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்தார்கள். குரோமியம் குறைவாகக் கலந்த ஓரப் பகுதி நீரை இறைத்துக் குதிரைமசால் தீவன வயலுக்குப் பாய்ச்சினார்கள். வேர்ப்பகுதி மண்ணில் அதே மாற்றம் நடந்தது. பலன் உண்டு, பெரிய பலன்.

உன் பேராசிரியரிடம் அடுத்து இதைக் கேள்: ஆக்ஸிஜன் தீர்ந்த மண்ணிலிருந்து வேறு என்ன கிளம்பும்? மாங்கனீஸ், இரும்பு, சில இடங்களில் ஆர்செனிக். இவையெல்லாம் ஆக்ஸிஜன் இருக்கும்வரை மண்ணோடு ஒட்டிக் கிடப்பவை; இல்லாதபோது கரைந்து தண்ணீரில் இறங்கும். ஹிங்க்லியிலும் எத்தனால் போட்ட பகுதியில் மாங்கனீஸையும் ஆர்செனிக்கையும் தனியே கண்காணிக்க வேண்டியிருந்தது. பாகு ஊற்றுவதைவிட, ஊற்றிய பிறகு கீழ்ப்பக்கக் கிணறுகளில் எதையெல்லாம் அளக்கப் போகிறோம் என்பதுதான் பெரிய வேலை. பிராஜெக்ட் செய்தால் அதைப் பற்றிச் செய்.

2013இல் எங்கள் பகுதியில் போர்வெல்லில் பெட்ரோல் வந்தது நினைவிருக்கும். மழைக்காலத்தில் வாசனை போய்விடும். "சரி, தீர்ந்தது" என்று நினைப்போம். கோடையில் திரும்ப வரும். ஏன்?
— வாசகர், தண்டையார்பேட்டை

நினைவில்லாமலா. துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் குழாயில் கசிவு. உங்கள் தெருக்களில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் இறைத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம்.

பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு. நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். இதைச் சோதிக்க, பெய்லர் என்று ஒளி ஊடுருவும் நீளமான குழாயைக் கயிற்றில் கட்டிக் கண்காணிப்புக் கிணற்றுக்குள் மெதுவாக இறக்குவோம். தூக்கிப் பார்த்தால் கீழே தண்ணீர், மேலே தேநீர் நிறத்தில் பெட்ரோல், நடுவில் கத்தியால் கோடு போட்டது மாதிரி எல்லை. ஸ்கேலை வைத்து அந்தப் படலத்தின் கனத்தை அளக்கலாம். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டாலும் தலை வலிக்கும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் பெட்ரோலும் கூடவே இறங்கி, இறங்கும் வழியெல்லாம் மணலில் பூசிக்கொண்டே போகும். மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது அந்தப் பெட்ரோல் எல்லாம் கூடவே மேலே வந்துவிடாது. பெரும்பகுதி மணல் இடுக்குகளில் தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது வாசனை தெரியாது, படலமும் தெரியாது. அடுத்த கோடையில் மட்டம் இறங்கியதும் மாட்டியிருந்தது விடுபட்டு வழிந்து மறுபடி மிதக்கும். நீங்கள் பார்ப்பது இதைத்தான். அதனால் "நவம்பரில் அளந்தோம், படலம் இல்லை, வேலை முடிந்தது" என்று யார் அறிக்கை கொடுத்தாலும் ஏற்காதீர்கள். மே மாதத்து அளவையும் கேளுங்கள், குறைந்தது இரண்டு மூன்று கோடைக்கு.

வைத்தியம் படிப்படியானது. மிதப்பதை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு, ஈரமில்லாத மண்ணில் தங்கிய ஆவியை வெற்றிடப் பம்ப் வைத்து இழுத்து, கரி வடிகட்டியில் பிடிக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்தினால், பெட்ரோலிலிருந்து தண்ணீரில் கரைந்த பென்சீன் என்ற நச்சுப்பொருள் குமிழிகளோடு மேலே வரும். மிச்சத்தை நுண்ணுயிர் தின்னும். காற்று ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலை நுண்ணுயிர் முழுக்கச் சிதைக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் எட்டு மில்லிகிராமை ஒட்டித்தான். அதாவது ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மூன்று லட்சம் லிட்டர் நீரின் ஆக்ஸிஜன். கிருமியை மட்டும் கொட்டிவிட்டுக் காற்றைக் கொடுக்காத திட்டம் பட்டினித் திட்டம்.

வாசனை வந்தால் அந்த போர்வெல் மோட்டாரைப் போடாதீர்கள். சுவிட்ச் பொறி போதும். மூடிய குளியலறையில் அந்தத் தண்ணீரில் வெந்நீர் வைப்பதும் ஆபத்து. பென்சீன் ஆவியாகி மூச்சில் போகும்.

வணக்கம் அம்மா. எங்கட கிணற்றில் முந்தி எண்ணெய்ப் படலம் மிதந்தது. இப்ப கண்ணுக்குத் தெரியேல்லை. கிணற்றை இறைச்சுக் கழுவிக் குளோரின் போட்டனாங்கள். இனிக் குடிக்கலாமோ?
— வாசகர், சுன்னாகம், யாழ்ப்பாணம்

வணக்கம். சுன்னாகம் அனல் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் பற்றிய செய்திகளை 2015 தொடக்கத்திலிருந்து கவனித்து வருகிறேன். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின்சாரம் தயாரித்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழர் வாழும் நிலத்தில், நிலத்தடி நீருக்காகக் கிடைத்த முக்கியமான தீர்ப்பு என்று அதை மதிக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு: படலம் தெரியவில்லை என்பது மட்டும் போதாது ஐயா. கிணறு என்பது தரைக்கடி நீரைப் பார்க்கும் துவாரம் மட்டும்தான். கிணற்றைக் கழுவினால் துவாரம் சுத்தமாகும். சுற்றியுள்ள சுண்ணாம்புக் கல்லின் குகைகளிலும் விரிசல்களிலும் இருப்பது அப்படியே இருக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும், எண்ணெயை ஒன்றும் செய்யாது. மொத்தப் பெட்ரோலிய ஐதரோகாபன், பென்சீன் வகை, ஈயம் மூன்றையும் சோதித்து, மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை சரியாக வந்த பிறகுதான் குடிக்கலாம்.

இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால், மேலே ஓர் அடி இறங்க இறைத்து அப்படியே வைத்திருந்தால், உப்பு கீழிருந்து நாற்பது அடி வரை ஏறப் பார்க்கும். மற்ற ஊர்களில் செய்வது போலப் பெரிய பம்ப் வைத்து இறைத்துச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது வந்தால், எவ்வளவு இறைப்பீர்கள், உப்பு ஏறுகிறதா என்று எந்தக் கிணற்றில் பார்ப்பீர்கள் என்று ஊர் கூடிக் கேளுங்கள். எண்ணெய் காலப்போக்கில் சிதையும். உப்பு ஏறிவிட்டால் தோட்டமும் போய்விடும், குடிநீரும் போய்விடும். உங்கள் நிலத்துக்கு ஏற்றது, மேலே இருப்பதை மட்டும் மெல்ல உறிஞ்சி, காற்றும் நைட்ரஜன் போன்ற சத்தும் அளந்து கொடுத்து நுண்ணுயிரை வேலை வாங்கும் வழி. அதிலும் கவனம் தேவை: குடாநாட்டுக் கிணறுகளில் உரத்தால் வந்த நைட்ரேட் ஏற்கெனவே கூடுதல்.

சாயக்கழிவு உப்பு பாய்ந்து கிணறு கெட்டுவிட்டது. எண்ணெயைத் தின்ன பாக்டீரியா இருக்கிறதே, உப்பைத் தின்ன ஒன்று விடக் கூடாதா?
— விவசாயி, நொய்யல் கரை

இல்லை ஐயா. பெட்ரோல் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். உடைத்தால் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகும். சாப்பாட்டு உப்பும் சோடியம் சல்பேட்டும் உடைந்து வேறொன்றாகப் போவதில்லை. சோடியம் சோடியமாகவே இருக்கும். அதைத் தின்று தீர்க்கும் உயிர் எதுவும் இல்லை. "உப்பைப் போக்கும் நுண்ணுயிர்க் கரைசல்" என்று கேனில் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நிலத்தை மீட்க முடிந்தது ஒன்று உண்டு: களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை ஜிப்சம் போட்டு விடுவித்து, நல்ல தண்ணீர் பாய்ச்சி, வடிகால் வெட்டி வெளியேற்றுவது. நல்ல தண்ணீரும் வடிகாலும் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை. கிணற்று நீருக்கு மழைதான் மருந்து: தடுப்பணை, பண்ணைக்குட்டை, கிணற்றோரம் மீள்நிரப்புக் குழி. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாய நீர்த் தொட்டியாகிப்போனதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பை வரும் வழியிலேயே நிறுத்தினால்தான் உண்டு. இறங்கிய பிறகு கைவசம் இருப்பது மிகக் குறைவு.

வெட்டிவேர் நட்டால் எல்லா விஷத்தையும் இழுத்துக்கொள்ளுமாமே?
— வாசகி, கடலூர்

எல்லாவற்றையும் இழுக்காது. வெட்டிவேர் மிகக் கெட்ட மண்ணிலும் தாக்குப்பிடிக்கும், வேர் மூன்று மீட்டர் போல இறங்கும், சரிவு மண்ணைப் பிடித்து மழையில் விஷம் அடித்துக்கொண்டு போகாமல் காக்கும். அதற்காக நடுங்கள், நான் கைதட்டுவேன். ஆனால் உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும். வேர் எட்டாத ஆழத்தில் இருக்கும் நீருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆர்செனிக்கை மண்ணிலிருந்து இலைக்கு ஏற்றும் ஒரு பெரணிச் செடியை 2001இல் ஃப்ளோரிடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், அற்புதமான செடி. அதற்கும் பல ஆண்டு அறுவடை வேண்டும். முக்கியமாக, அறுத்த இலையும் பிடுங்கிய வேரும் அபாயக் கழிவு. மாட்டுக்குப் போடுவதோ, அந்த வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போடுவதோ கூடவே கூடாது.

கொடைக்கானல் பாதரசத்தை மண்ணுக்குள் வைத்தே சரிசெய்ய முடியாதா? ஏன் தோண்டினார்கள்?
— வாசகர், பெரியகுளம்

பாதரசம் தனிமம், உடைக்க முடியாது. குரோமியம் போல எளிதாகக் கரையாத முகத்துக்கு மாற்றிப் பூட்டலாம் என்றாலும், மழை கொட்டும் சோலைச் சரிவில் அந்தப் பூட்டு எத்தனை காலம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலை அது. 2003இல் கழிவின் ஒரு பகுதியைக் கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். மண்ணைப் பொறுத்தவரை தோண்டி, கழுவி, சூடாக்கிப் பிரிப்பது என்றும், கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை மிச்சம் இருக்கலாம் என்றும் முடிவானது. அந்த 20 போதாது, பாம்பாறு ஓடும் சோலைக்காட்டுக்குப் பக்கத்தில் இன்னும் கடுமையான வரம்பு வேண்டும் என்று போராடியவர்களின் பக்கம்தான் நான். இருக்கிற இடத்தில் சுத்தம் செய்வது எனக்குப் பிடித்த வழி என்பதற்காக எல்லா இடத்துக்கும் அதையே சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊராட்சியில் மூடிய ஆலை ஒன்றின் பின்புறம் கழிவு கிடக்கிறது. கிணறுகள் கெடுகின்றன. மனு மேல் மனு போட்டாயிற்று. யாரிடம், என்ன கேட்பது?
— வார்டு உறுப்பினர், திருவள்ளூர் மாவட்டம்

உங்களுக்கு இப்போது ஒரு புதுப் பிடி கிடைத்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வு. மாசுபடுத்தியவர் யாரென்று கண்டுபிடித்து, சுத்தம் செய்யும் செலவை அவர் தலையில் வைக்க வேண்டும். ஆள் இல்லை, கொடுக்க வக்கில்லை என்றால் அரசுகளே ஏற்க வேண்டும். இந்த விதி வந்த சமயத்தில் நாடு முழுக்க அடையாளம் கண்ட மாசடைந்த இடங்கள் 103, வேலை தொடங்கியது ஏழில் மட்டும் என்று செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் உங்கள் ஊரைச் சேர்ப்பது முதல் வேலை.

ஆகவே மனுவைப் பொதுவாக "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதாமல், "இந்த சர்வே எண்ணை மேற்படி விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடமாகப் பட்டியலில் சேர்க்கவும்" என்று ஆட்சியருக்கு எழுதுங்கள், நகல் வாரியத்துக்கு. பெறப்பட்ட முத்திரையோடு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். 90 நாளை எண்ணத் தொடங்க அதுதான் ஆதாரம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், அதற்குப் பிறகு சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

மனுவோடு ஓர் ஆய்வறிக்கையும் இருந்தால் தட்டிக்கழிக்க முடியாது. மாதிரி எடுக்கும் விதம் முக்கியம். போர்வெல்லைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போன பிறகு பிடியுங்கள். குரோமியத்துக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். பெட்ரோல், கரைப்பான் சந்தேகம் என்றால் ஆய்வகமே தரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில், மூடியைத் திருகித் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஓடாதபடி நிறைக்க வேண்டும். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் போய்விடும், அறிக்கையில் குறைவாக வரும். எந்தக் கிணறு, என்ன ஆழம், என்ன தேதி என்று குப்பியின் மேலேயே எழுதுங்கள்.

சுத்தம் செய்ய நிறுவனத்தை நியமித்துவிட்டோம் என்று பதில் வரும் நாளில் இன்னொரு கடிதம் எழுதுங்கள். கழிவு கிடக்கும் இடத்துக்கு மேல்பக்கம் எத்தனை கண்காணிப்புக் கிணறு, கீழ்ப்பக்கம் எத்தனை, எந்தெந்த மாதத்தில் அளப்பார்கள், அந்த எண்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படுமா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் எத்தனை ஆண்டு அளப்பார்கள், எண் மறுபடி ஏறினால் யார் வந்து திரும்பச் செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருந்து செலுத்திய முதல் ஆண்டில் எல்லா எண்ணும் இறங்கத்தான் செய்யும். களிமண் அடுக்குகளிலும் பாறை இடுக்குகளிலும் ஊறியிருப்பது மெல்ல வெளியே வரும்போது மூன்றாம், நான்காம் ஆண்டில் ஏறும். அந்த ஆண்டுகளுக்கும் ஒப்பந்தத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் ஆய்வறிக்கை வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம்.